நன்னீரும் நல்வாழ்வும்

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து மேற்கு முகமாகப் படகிற் செல்பவரின் கண்ணுக்கு முதலிற் புலப்படுபவை பனைகள். கடலின்மேல் வரிசையாக நாட்டிவைத்த தூண்களைப் போல அவை தோன்றும். படகு நெருங்கிய பின்னரே அவற்றின் அடியில் மணலுங் கல்லுமாகத் தாழ்ந்து கிடக்கும் நிலம் தெரியவரும். அதுவே எழுவைதீவு. யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள குடியிருப்புத் தீவுகளுள் மிகச் சிறியவற்றில் ஒன்று அது. அதன் பரப்பு ஏறக்குறைய 1.4 சதுரக் கிலோமீற்றர் மாத்திரமே. அங்கு வாழ்வோர் சில நூற்றுவர். சைவரும் கத்தோலிக்கரும் அயலவராய் வாழும் அவ்வூரிற் கடலும் பனையும் சிறு தோட்டமுமே மக்களுக்குச் சோறிடுகின்றன.

அத்தீவில் ஆறில்லை, அருவியில்லை, மழை தேக்கும் மலையுமில்லை. நாற்புறமும் உப்புநீர். ஆயினும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே பிறந்து, உழைத்து, பிள்ளைகளை வளர்த்து வந்திருக்கின்றனர். இஃது எங்ஙனம் இயன்றது? வறுமையைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டனர் என்று விடை கூறுவது எளிது. அவ்விடையிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் பொறுமை மாத்திரம் ஓர் ஊரை உப்புக்கடலின் நடுவே நிலைநிறுத்தமாட்டாது. அதற்கு ஓர் அறிவு வேண்டும். நல்வாழ்வு என்பது யாது, அதற்கு இயற்கையிடமிருந்து எவ்வளவு பெறலாம், எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்னும் அறிவே அது.

இவ்வறிவு ஒரு நாட்டாருக்கோ ஒரு மொழியாருக்கோ உரிய தனிச்சொத்தன்று. ஆபிரிக்காக் கண்டத்தின் மேற்குப் பாகத்திலே, நைஜீரியா நாட்டின் தென்கிழக்கு மூலையில், இபிபியோ என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் இருக்கும் அக்குவா இபொம் என்னும் மாநிலம் கடலோரமாக அமைந்தது. அங்கே கழிமுகங்களும் கண்டற்காடுகளும் உண்டு. உள்நாட்டில் எண்ணெய்ப்பனைத் தோப்புகளுங் கிழங்குத் தோட்டங்களும் உண்டு. பயிர்செய்வதும் மீன்பிடிப்பதும் அம்மக்களின் பழைய தொழில்கள். அவர்கள் மொழியில் 'எத்தி' என்றால் நல்ல என்பது பொருள். 'உவெம்' என்றால் வாழ்வு. 'எத்தி உவெம்', அதாவது நல்வாழ்வு, என்னும் சொல்லை அவர்கள் வெறும் செல்வப்பெருக்கைக் குறிக்க வழங்குவதில்லை. அயலாரோடு பொருந்தி, மண்ணோடும் நீரோடும் மரத்தோடும் பொருந்தி வாழ்வதே அச்சொல்லின் உட்பொருள். இத்தகைய எண்ணம் கடல் கடந்த வேறு நாடுகளிலும் உண்டு. தென் அமெரிக்காவிலுள்ள எக்குவடோர் நாடு, ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் 'சுமக் கௌசாய்' என்று வழங்கும் நல்வாழ்வுக் கொள்கையை ஏற்று, இயற்கைக்கும் உரிமையுண்டு என்று 2008 ஆம் ஆண்டிலே தன் அரசியலமைப்பில் எழுதிவைத்தது.

தமிழருக்கு இக்கருத்துப் புதியதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரம், புள், உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தது தொல்காப்பியம். மனிதன் எவ்வாறு வாழ்கின்றான் என்பதை, அவன் எந்த மண்ணில், எந்தக் காலத்தில் நிற்கின்றான் என்பதோடு சேர்த்தே முன்னோர் எண்ணினர். ஏட்டில் உள்ள அவ்விலக்கணம் எழுவைதீவு போன்ற இடத்திலே அன்றாட நடைமுறையாகிவிடுகின்றது. அங்கே அதன் முதற் பாடசாலை கிணறு.

யாழ்ப்பாணத் தீவுகளின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அக்கல் நீரை உறிஞ்சும். தன் துளைகளிலும் வெடிப்புகளிலும் அதனைத் தேக்கிவைக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் வாடைப் பருவமழையே தீவுகளின் பெருவரவு. அம்மழைநீர் மண்ணினூடு கசிந்து கீழிறங்கும்போது, அங்கே முன்னரே கடல்நீர் இருக்கின்றது. உப்புநீரிலும் நன்னீர் எடை குறைந்தது. ஆகையால் நன்னீர் அதன்மேல் மிதக்கின்றது. நடுவிற் தடித்தும் கரைகளில் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப் போல, அது தீவின் வயிற்றுக்குள்ளே கிடக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைக் கேள்வியுற்றோர் பலர். அதே அமைப்புத்தான் ஒவ்வொரு தீவின் அடியிலும் உள்ளது.

இந்நீர் வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பவரும், 1901 ஆம் ஆண்டில் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே அதனை விளக்கினர். நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பதே அக்கணக்கு. இதன் மறுபக்கந்தான் அஞ்சத்தக்கது. மிதமிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கிற் கீழேயுள்ள உப்புநீர் நாற்பதடி மேலெழ முயலும். மேலே ஓரடிதானே குறைந்தது என்று மனிதன் நினைத்திருக்க, அவன் காணாத இடத்திலே நாற்பதடி இழப்பு நேர்ந்துவிடுகின்றது.

முன்னாளிற் கிணறு தோண்டியவர்கள் இக்கணக்கைப் படித்தவர்களல்லர். ஆயினும் அவர்களின் செயல் இதற்கு முரண்படவில்லை. நன்னீர் கண்டதும் தோண்டுவதை நிறுத்தினர். மேலும் ஆழமாக்கினால் நீர் உவர்க்கும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. நீரிறைக்கத் துலாவை அமைத்தனர். ஆடுகாலிற் பூட்டிய நீண்ட மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை வார்ப்பார். மூன்றாமவர் வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புவார். மூவரின் உடல் களைக்கும்போது இறைப்பு நின்றுவிடும். நிற்கும் அந்த நேரத்திற் கிணறு மீண்டும் ஊறும். மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது.

நீர் அரிதாயிருந்தமையால் அது பங்கிடப்பட்டது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசிப்போர், நிலத்தின் பரப்போடு கிணற்றிலுள்ள பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். மக்களின் வழமைகளைத் திரட்டி ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையை ஆளுகின்றது. பலர் கூடி உரிமை கொண்ட ஒரு கிணற்றிலே, ஒருவர் தம் முறைக்கு மேலாக இறைத்தால் அடுத்த நாளே அயலார் முகத்தில் விழிக்க வேண்டும். சட்டப்புத்தகத்திலும் வலிய காவல் அது.

கிணற்றுக்கு அடுத்த பாடசாலை பனை. பனை அவசரப்படாத மரம். விதைத்தவன் அதன் பயனைக் காணப் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே பனங்கொட்டையை ஊன்றுவது பெரும்பாலும் பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் செய்யுஞ் செயலாகும். முதிர்ந்த பின் அம்மரம் கொடாதது ஒன்றுமில்லை. பருவகாலத்திற் கருப்பநீரும் கள்ளும் தரும். கருப்பநீர் காய்ச்சப்பட்டுப் பனங்கட்டியாகும். அதன்பின் நுங்கு. ஆவணி, புரட்டாதியிற் பழம். அதன் களியிலிருந்து பனாட்டு. பழத்தின் கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் மழை முடிந்து கிழங்கு. பச்சையாகக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கிழங்கு பிடுங்கியபின் மிஞ்சும் ஊமலும் அடுப்புக்கு விறகாகும்.

ஓலையின் பயணம் இன்னும் நீண்டது. மரத்திலிருந்து வெட்டிய ஓலை கூரையாகும், வேலியாகும், பாயாகும், பெட்டியாகும். வெயிலிலும் மழையிலும் இற்றபின் அதனை எவரும் எறிந்துவிடுவதில்லை. தோட்டத்து மண்ணிலே தாழ்த்துவர். அது மக்கி, மணல் நிலத்துக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் வலுவையும் உரத்தையும் கொடுக்கும். பூவரசங் குழையும் ஆட்டெருவும் அதனோடு சேரும். நிலத்திலிருந்து எழுந்த ஒன்று, வீட்டுக்குத் தொண்டு செய்துவிட்டு நிலத்துக்கே திரும்புகின்றது. குப்பை என்னும் சொல்லுக்கு எருவென்றும் பொருள் கொண்ட மக்களின் வழக்கம் இது.

இந்நிலமும் கடலும் ஒரு பானைக்குள்ளே சந்திப்பதை ஒடியற் கூழிற் காணலாம். பனையின் மா, கடலின் மீன், நண்டு, இறால், தோட்டத்தின் பயற்றங்காய், பலாக்கொட்டை, மிளகாய், புளி யாவும் சேர்ந்து கொதிக்கும். பனையோலையிற் கோலிய பிளாவில் அதனை ஊற்றிக் குடிப்பர். கூழ் ஒருவருக்காகக் காய்ச்சப்படும் உணவன்று. பானை அடுப்பேறினால் அயலாரும் வந்து சேர்வர். நல்வாழ்வு என்பதற்கு இலக்கணம் வேண்டுவோர் அந்த முற்றத்தைப் பார்த்தாலே போதும்.

கடலிலும் அளவு உண்டு. சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்ட தொழிலாளர், எந்தக் காற்றிலே எந்த வலையை எங்கே இடுவது என்பதை அறிவர். சோளகம் முறுகி வீசும் நாட்களிலும் வாடையின் கொந்தளிப்பிலும் சிறு வள்ளங்கள் கரையிலே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் திருவிழா நாட்களிலும் தொழிலுக்குப் போகாத வழக்கம் கத்தோலிக்கக் கரையோரங்களிலே நெடுங்காலமாக உண்டு. அவ்வோய்வு ஆண்டவனுக்காக எடுத்துக்கொண்டதேயாயினும், அதனால் மீன்களுக்கும் ஓய்வு கிடைத்தது. பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த கடலில் விரிந்து கிடக்கும் கடற்புற்படுகைகளே இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். அத்தொட்டிலைக் கிழிக்காத வலைகளே அன்று வழக்கில் இருந்தன.

இவ்வளவும் கூறியபின், பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்று எவரேனும் கருதிவிடலாகாது. தீவில் நோயுற்றவர், கடல் கொந்தளிக்கும் நாளிலே, வைத்தியரைக் காண இயலாமற் துன்புற்றனர். மழை பொய்த்த ஆண்டுகளிற் குடிநீருக்குப் பெண்கள் குடத்தோடு அலைந்தனர். இவை யாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. பங்கிட்டுக் குடிப்பதிற் பெருமைகொண்ட அதே யாழ்ப்பாணச் சமூகம், சாதியின் பெயரால் ஒரு பகுதியினரைக் கிணற்றின் கட்டிலே ஏறவிடவில்லை. அவர்கள் குடத்தோடு காத்துநின்று, பிறர் வார்க்கும் நீரைப் பெறவேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பின்னரும், 1960களின் இறுதியிலே கோயில்களுக்குள்ளும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் நுழையும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. மண்ணோடு பொருந்தி வாழ்ந்தவர் மனிதரோடு பொருந்தி வாழவில்லையென்றால், அதனை நல்வாழ்வு என்று கூறுதல் இயலாது. இயற்கைக்கு அளவு அறிந்தவர்கள் நீதிக்கு அளவு வைத்தது பெருங்குறை. பழமையிலிருந்து எதை எடுக்க வேண்டும், எதை விடவேண்டும் என்பதற்கு அதுவே பாடம்.

பின் வந்த மாற்றங்கள் பல. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாடெங்கும் பரவின. அவை மனிதனின் தோளுக்கு ஓய்வு கொடுத்தன. அதனை எவரும் குறைகூற இயலாது. ஆனால் இயந்திரம் களைப்பதில்லை. மூவர் காலை முழுதும் இறைத்ததை அது சிறு பொழுதில் இறைத்துவிடும், அதன்பின்னும் ஓடும். களைப்பு என்னும் காவல் போனபின் அதற்கீடாக வேறொரு காவலை மனிதர் அமைக்கவில்லை. கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப் போயின. போர்க்காலத்திலே, 1990களின் தொடக்கத்திற் தீவுப்பகுதி மக்களுட் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர், பலர் திரும்பவில்லை. ஆளில்லாத வளவுகளிற் கிணறுகள் தூர்ந்தன, கேணிகள் மேடாயின, பனையேற ஆளில்லை. கடலிலோ, அடித்தளத்தை வாரியள்ளும் இழுவைமடிகள் கடற்புல்லையும் குஞ்சையும் சேர்த்தே அழித்தன. 2017 ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் அத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. தடை ஏட்டில் ஏறுவதும் கடலில் நிலைப்பதும் வேறு வேறு என்பதைக் கரையோர மக்கள் நன்கறிவர்.

அளவு தவறினால் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மாலைதீவின் தலைநகரான மாலே சாட்சி. அதுவும் ஒரு சிறு தீவு. அதன் வயிற்றிலும் ஒரு நன்னீர் வில்லை இருந்தது. மக்கள் பெருகி, இறைப்பும் பெருகி, அந்நீர் பயனற்றுப் போயிற்று. நகரம் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையையே நம்பி நின்றது. 2014 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் அந்நிலையத்திலே தீப்பற்றியபோது, ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் குடிநீரின்றித் தவித்தனர். இந்தியா முதலிய நாடுகள் விமானத்திலும் கப்பலிலும் நீரை அனுப்ப வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் 2024 ஆம் ஆண்டு, வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. தாகத்துக்கு அது உதவும். எனினும் காலடியில் மழை வைத்துவிட்டுப் போகும் நீரைக் காப்பதற்கு அஃது ஈடாகாது.

இங்கே எழுவைதீவு புதிதாகக் கற்பித்த பாடமொன்றையும் கூறல் வேண்டும். அத்தீவுக்குப் பெருநிலத்து மின்கம்பி எட்டவில்லை. டீசல் இயந்திரமே மின்சாரம் தந்தது. அதற்கான எண்ணெயையும் படகிலேயே கொண்டுவர வேண்டியிருந்தது. 2010களின் பிற்பகுதியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இலங்கை மின்சார சபை, சூரியத் தகடுகளையும் காற்றாடிகளையும் மின்கலங்களையும் டீசல் இயந்திரத்தோடு இணைத்த ஒரு கலப்பு மின்னமைப்பை அங்கு நிறுவியது. வெயிலும் காற்றும் தீவுக்கு என்றும் குறைவில்லாதவை. சோளகக் காற்று வள்ளங்களைக் கரையில் நிறுத்தும். அதே காற்று இப்போது காற்றாடியைச் சுழற்றியது. இம்முயற்சிக்குப் பின், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் இத்தகைய அமைப்புகளை இந்திய உதவியோடு நிறுவ 2022 ஆம் ஆண்டில் உடன்பாடு காணப்பட்டது.

இவ்வமைப்பில் உற்றுநோக்கத்தக்கது அதன் முறை. பகலிற் சேர்ந்ததை மின்கலம் இரவுக்கு வைத்திருக்கும். சேர்ந்ததற்கு மேற் செலவிட்டால் டீசல் இயந்திரத்தையே நாட வேண்டும். வரவறிந்து செலவிடும் பழைய கிணற்றின் முறையும் அதுதான். புதிய கருவி எல்லாம் இயற்கைக்குப் பகையென்பதும், பழையன எல்லாம் உறவென்பதும் தவறென இதனால் விளங்கும். கருவி எதுவாயினும், அளவை உணர்த்தும் ஒரு நிறுத்தம் அதனோடு சேர்ந்திருக்க வேண்டும். துலாவில் அந்நிறுத்தம் உடலில் இருந்தது. இயந்திரத்தில் அது மனிதரின் உடன்பாட்டில் இருக்க வேண்டும்.

அவ்வுடன்பாட்டுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மழைக்கு முன்னே கேணிகளையும் குளங்களையும் தூர்வாரலாம். கூரைநீரைத் தொட்டியிலே சேர்க்கலாம். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அயலார் கூடி ஒரு நேரக்கட்டு விதிக்கலாம். ஒவ்வொரு தீவுப் பாடசாலையிலும் மாணவர், வாரத்துக்கு ஒருமுறை கிணற்று நீரின் மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம். பத்தாண்டுக்குப் பின் அப்பதிவேடு, எந்தப் பொறியியலாளரும் மதிக்கத்தக்க நூலாகும். புரட்டாதியிற் பொறுக்கிய பனங்கொட்டைகளைக் கரையோரத்தில் ஊன்றலாம். ஊன்றிய பிள்ளைகள் நடுவயதை அடையும்போது அவை பயன்தரும். இவையெல்லாம் சிறு செயல்கள். சிறு தீவொன்று சிறு செயல்களாலேயே நிலைத்திருக்கின்றது. சிறு கவனக்குறைவுகளாலேயே அழியவும் கூடும்.

நல்வாழ்வு எது என்று இபிபியோ மக்கள் தம் மொழியிற் கேட்ட கேள்விக்கு, எழுவைதீவிலே நாள்தோறும் ஒரு விடை கிடைக்கின்றது. பொழுது புலரும் வேளையில் ஒரு பெண் கிணற்றடிக்கு வருகின்றாள். முதல் வாளி நீரை அள்ளுகின்றாள். வாயிலே சிறிதளவு விட்டுப் பார்க்கின்றாள். அந்நீர் இனித்தால், நேற்று வாழ்ந்தவர்கள் அளவறிந்து வாழ்ந்தார்கள் என்பது பொருள். கரித்தால், அவள் குடத்தை எடுத்துக்கொண்டு அயலவர் கிணற்றை நாடிச் செல்கின்றாள். அங்கும் நீர் இனிக்க வேண்டும். அங்கே அவளை எவரும் தடுக்காதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் உள்ள ஊரிலேதான் மக்கள் நன்றாக வாழ்கின்றனர்.